எடுத்தது மூணு வரிதான்

இல்லல்ல, ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து போதும். காலையிலேர்ந்து கடல் காத்துல நின்னு காது ரெண்டும் இரையுது. நீங்க மகள் வீட்டுக்கா? நல்லது. நானும் மதுரைதான். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பேரு ஆவுடையப்பன். ஒரு கம்பெனிக்கு வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன்.

முகம் வாடியிருக்குன்னு கேட்டீங்களே, அதுக்குச் சொல்றேன். ஏழு வருசமா என்கூட ஒரு வேலை பாத்த பொண்ணு, இப்ப பஸ் ஏத்திவிட வந்த இடத்துல, "என் பேரை அந்தப் பட்டியல்லேர்ந்து எடுத்துருங்க சார்"னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டா. நான் அவங்க ஊருக்கு வேலை மெனக்கெட்டு வந்திருக்கேன். புது லேப்டாப் ஒண்ணு வாங்கிக் கொண்டாந்து குடுத்திருக்கேன். எல்லாத்தையும் உக்காந்து விளக்கியிருக்கேன். அதுக்கப்புறமும் இப்படிச் சொன்னா மனுசனுக்கு எப்படி இருக்கும்?

முதல்லேர்ந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். விளாத்திகுளம் வர்றதுக்குள்ள சொல்லிடலாம்.

எனக்கு சைக்கிள்ல ஊர் ஊராப் போற பழக்கம் உண்டு. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கினேன். கைக்குள்ள அடங்கற சின்னப் பெட்டி. நாம எந்த இடத்துல நிக்கறோம், போக வேண்டிய இடம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்னு சொல்லும். ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு எண்ணு. அந்த எண்ணைப் போட்டா கருவி வழி காட்டும். ஆனா ஒரு கம்பெனிக் கருவியில இருக்கிற எண்ணு இன்னொரு கம்பெனிக் கருவிக்கு அப்படியே போகாது. எழுதற விதம் வேற வேற. அதனால நானே ஒரு புரோகிராம் எழுதினேன். எந்தக் கருவியிலேர்ந்தும் எடுத்து எந்தக் கருவிக்கும் மாத்திக் குடுக்கும். 'திக்கு'ன்னு பேரு வச்சேன்.

வச்சு, இன்டர்நெட்ல எல்லாரும் எடுத்துக்கட்டும்னு போட்டுட்டேன். விலை கிடையாது. உள்ள எழுதியிருக்கறதும் திறந்தே கிடக்கும், யார் வேணா படிக்கலாம், திருத்தலாம். ஓப்பன் சோர்ஸுங்கறது அதுதான். சிலி நாட்டுல நிலம் அளக்கிற ஒருத்தர் எழுதினார், நார்வேல பறவை பாக்கிற ஒரு கூட்டம் எழுதிச்சு, உங்க திக்கு இல்லாம எங்களுக்கு வேலை ஓடாதுன்னு. அதையெல்லாம் படிக்கும்போது ஒரு பெருமைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா எழுதறது சின்ன வேலை அண்ணாச்சி. அதைக் காப்பாத்தறதுதான் பெரிய வேலை. ஒருத்தர் விண்டோஸ் வச்சிருப்பார், ஒருத்தர் மேக், ஒருத்தர் லினக்ஸ். லினக்ஸ்லயே பத்து வகை. ஒரே சாப்பாடுதான், ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாப் பொட்டலம் கட்டணும். அந்தப் பொட்டலத்தை பேக்கேஜுன்னு சொல்வோம். எங்க வீட்டு மாடி அறையில அஞ்சு கம்ப்யூட்டர் இருக்கு. ஒவ்வொரு பதிப்புக்கும் அஞ்சுலயும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வெளிய விடுவேன். பத்து வருசமா எந்த ஞாயித்துக்கிழமையும் எனக்கு ஞாயித்துக்கிழமையா இருந்ததில்லை.

இதுல பழைய விண்டோஸ் மட்டும் என்கிட்ட இல்லை. அந்த வகை கம்ப்யூட்டரெல்லாம் இப்ப யாரும் வச்சுக்கறதில்லை. ஏழு வருசம் முன்னாடி ஜெனோங்கற பேர்ல ஒருத்தர் வந்து, பழைய விண்டோஸ் பொட்டலத்தை நான் பாத்துக்கறேன்னு எழுதினார். சரி பாருங்கன்னு விட்டுட்டேன். அன்னையிலேர்ந்து நான் ஒவ்வொரு தடவை பதிப்பு விடும்போதும், அவர் தன் கம்ப்யூட்டர்ல போட்டு ஓட்டிப் பாத்து, சரியா இருக்குன்னு ஒரு வரி எழுதுவார். இல்லைன்னா இது தப்பு, இப்படி மாத்தணும்னு ரெண்டு வரி. எல்லாம் இங்கிலீஷ்ல. நலம் விசாரிக்கிறது, வாழ்த்துச் சொல்றது, ஒண்ணும் கிடையாது. நானும் கேட்டதில்லை. சென்னையில ஏதோ சின்னக் கம்பெனியில வேலை பாக்கற பையன்னு மனசுல ஒரு உருவம் வச்சிருந்தேன். 'ப்ரோ'ன்னுதான் எழுதுவேன். அவரும் அதுக்கு ஒண்ணும் சொன்னதில்லை.

இந்த வருசம் பிப்ரவரியில திக்கை மொத்தமா சுத்தம் பண்ண உக்காந்தேன். பன்னெண்டு வருசத்துக் குப்பை. ஆளாளுக்கு எழுதிச் சேத்த வரிகள். அப்படிப் பாக்கும்போது ஒரு இடத்துல மூணு வரி. ஜெனோ எழுதினது. மேல, 'இதை எடுக்க வேண்டாம்'னு ஒரு குறிப்பு. ஏன் எடுக்க வேண்டாம்னு காரணம் எழுதலை. காரணம் எழுதாம குறிப்பு எழுதக்கூடாதுன்னு எங்க வேலையில ஒரு முறை இருக்கு அண்ணாச்சி, அதை நீங்க மறந்துரக் கூடாது. அந்த மூணு வரியை எடுத்துட்டு என்னோட அஞ்சு கம்ப்யூட்டர்லயும் ஓட்டிப் பாத்தேன். அஞ்சுலயும் ஒரு குறையும் இல்லை. என் மெஷின்ல சரியா ஓடிச்சு. இதை நான் யார்கிட்ட வேணா சொல்லுவேன், என் மெஷின்ல சரியாத்தான் ஓடிச்சு.

மார்ச்சுல ஜெனோ எழுதினார், அந்த மூணு வரி எங்களுக்கு வேணும்னு. நான் பதில் எழுதினேன், பழைய விண்டோஸுக்கு இனிமே திக்குல ஆதரவு இல்லை, கம்ப்யூட்டரை மாத்திக்குங்கன்னு. மறுபடி எழுதினார், 'பேன் பீரியட்' முடியற வரைக்கும் பொறுங்க, அதுக்குள்ள வேற ஏற்பாடு பண்ணிடறோம்னு. பேன் பீரியட்னா என்னன்னு எனக்குத் தெரியலை. ஏதோ அவர் கம்பெனியில புதுசா எதையும் போடக்கூடாதுன்னு தடை போட்டிருப்பாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஒருத்தர் கம்பெனிக்காக உலகம் பூரா காத்திருக்க முடியுமா? மூணாவது தடவையும் எழுதினார். நான் பதில் போடாம அந்தப் புகாரை மூடிட்டேன். கோவத்துல இல்லை. மூடினாத்தான் அடுத்த வேலை நடக்கும்.

ஏப்ரல் கடைசியில பதிப்பு வெளிய வந்துச்சு. பழைய விண்டோஸுக்கு ஆதரவு இல்லைன்னு கொட்டை எழுத்துல எழுதிப் போட்டேன். என்ன, எழுதிப் போட்டேனே தவிர, அந்தப் பொட்டலம் கட்டற வேலையை நிறுத்த மறந்துட்டேன். அது தானா ஓடற ஏற்பாடு. யாரும் பாக்காமலே பழைய விண்டோஸுக்கும் ஒரு புதுப் பொட்டலம் கட்டி அனுப்பிடுச்சு. அது ஒரு சின்ன விசயம்.

அப்புறம் ஜெனோகிட்டேர்ந்து ஒண்ணும் வரலை. 'சரியா இருக்கு'ங்கற அந்த ஒத்தை வரிகூட வரலை. கோவிச்சுக்கிட்டான் போல, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லைன்னு நினைச்சேன்.

ஜூலையில ஒரு புகார் வந்துச்சு. வழக்கமா எல்லாம் இங்கிலீஷ்ல வரும். இது தமிழ்ல. மீனவர் சங்கத்துச் செயலாளர்னு போட்டு ஒருத்தர் எழுதியிருந்தார். நான் அதை அன்னைக்குப் பாக்கலை. புகார் வந்தா முதல்ல பதில் சொல்றதுக்கு ஒரு ரோபோ வச்சிருக்கேன். எந்த சிஸ்டம், எந்தப் பதிப்பு, என்ன பண்ணினீங்கன்னு கேக்கும். ரெண்டு வாரத்துக்குள்ள பதில் வரலைன்னா, தகவல் போதாதுன்னு தானா மூடிடும். அப்படி அதையும் மூடிடுச்சு. ஆகஸ்ட்ல பழைய புகாரையெல்லாம் புரட்டும்போதுதான் அது என் கண்ணுல பட்டுச்சு.

அவர் எழுதினது எனக்கு மனப்பாடம் அண்ணாச்சி. 'ஐயா, உங்கள் புதுப் பதிப்பில் கடைசி எண் தப்பாக வருகிறது. தயவுசெய்து பார்க்கவும். ஜெனோவால் இப்போது வர முடியாது. அண்ணனோட ஆஸ்பத்திரியில இருக்கா.'

இருக்கா. அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். இருக்கான் இல்லை, இருக்கார் இல்லை. இருக்கா. ஏழு வருசம்.

உடனே பரண்ல கிடந்த ஒரு பழைய லேப்டாப்பை இறக்கினேன். என் தங்கச்சி காலேஜுல படிக்கும்போது வச்சிருந்தது. அதுல பழைய விண்டோஸ் போட்டு, திக்கைப் போட்டு ஓட்டினேன். பாத்தா, ஒவ்வொரு வரியிலயும் கடைசி எண்ணுல புள்ளிக்கு அப்புறம் இருக்கறது விழுந்துடுது. இருபத்தி ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு இருந்தா வெறும் இருபத்தி ஒண்ணு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன்னு சொல்றேன், கேளுங்க. ஒரு வரி முடிஞ்சா முடிஞ்சதுன்னு கம்ப்யூட்டருக்கு ஒரு குறி வேணும், கண்ணுக்குத் தெரியாத குறி. லினக்ஸ் ஒரு குறி வைக்கும். விண்டோஸ் ரெண்டு குறி வைக்கும். புது விண்டோஸுக்கு நான் கட்டற விதத்துல அந்த ரெண்டாவது குறி தானாப் போயிடும். பழசுக்குக் கட்டற விதம் வேற, அதுல போகாது. அது கடைசி எண்ணோட ஒட்டிக்கிட்டு நிக்கும். எண்ணு எண்ணு மாதிரி தெரியாம, திக்கு புள்ளியோட நிறுத்திக்கும். அந்த ஒட்டுக் குறியைத் துடைச்சு விடறதுதான் ஜெனோவோட மூணு வரி. நல்ல வேலைதான் பண்ணியிருந்தா. காரணம் மட்டும் எழுதியிருக்கலாம்.

கண்டுபிடிச்ச ரெண்டு மணி நேரத்துல ஆறு சிஸ்டத்துக்கும் திருத்தின பதிப்பை வெளிய விட்டேன். அந்த வேகத்துல வேற யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க. பண்ணிட்டுச் செயலாளருக்கு போன் போட்டேன். அவர்தான் சொன்னார் மீதியை.

பேன் பீரியட்னா மீன்பிடித் தடைக்காலம் அண்ணாச்சி. ஏப்ரல் நடுவுலேர்ந்து ரெண்டு மாசம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாதாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியலை பாருங்க. சங்க ஆபீஸ்ல ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுலதான் பதினோரு படகோட இடங்களும் இருக்கு. எங்க பாறை, எங்க மீன், படகு துறைக்குள்ள நுழையற துறை வாய் எங்க, எல்லாம் எண்ணா. தடை முடியறப்ப எல்லாக் கருவியிலயும் புதுசா ஏத்திக் குடுப்பாங்க. அதுக்குத் திக்கு. ஜெனோவாதான் அந்த ஆபீஸ்ல எழுத்தர் வேலை பாக்கறது. ஜெனோவா பர்னாந்து, அதுதான் முழுப் பேரு. தபால்ல பிசிஏ படிச்சிருக்கா. ஊர்ல எல்லார்கிட்டயும், இந்த சாப்ட்வேர் நானும் ஒரு சாரும் சேந்து பண்றதுன்னு சொல்லி வச்சிருக்கா.

புதுப் பதிப்பு போடக்கூடாதுன்னு அவ எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா. ஜூன்ல ஒரு நாள் அவ ஆபீஸ்ல இல்லாதப்ப, புதுசு இருக்கு, போடவான்னு கம்ப்யூட்டர் கேட்டிருக்கு. செயலாளர் ஞாபகமில்லாம சரின்னு அழுத்திட்டார். பதினோரு கருவிக்கும் ஏத்தியாச்சு. தடை முடிஞ்ச முதல் நாள். நடுக்கடல்ல இடம் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் காட்டியிருக்கு. கருவி பழசாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க. திரும்பி வரும்போது பொழுது சாஞ்சு இருட்டிடுச்சு, காத்து வேற. துறை வாயில விளக்கு ரொம்ப நாளா எரியறதில்லையாம். முதல் படகு கண் பழக்கத்துல துறைக்குள்ள வந்துடுச்சு, மத்ததெல்லாம் முன்னாடி போறவன் பின்னாடி பாத்துப் பாத்து வந்துடுச்சு. கடைசியா வந்தது ஜெனோவாவோட அண்ணன் ரூபன் படகு. அவன் கருவியை நம்பி விட்டிருக்கான். நானூறு மீட்டர்கூட இல்லை, மேற்க தள்ளிக் காட்டிடுச்சு. அங்க துறை வாய் இல்லை, அலைத் தடுப்புக்குப் போட்ட கல்லு. படகு கல்லுல ஏறிடுச்சு. மத்த நாலு பேரும் நீந்திட்டாங்க. ரூபனோட வலது காலு கல்லுக்கும் படகுக்கும் நடுவுல. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

போனை வச்சுட்டு என்ன பண்றதுன்னு தெரியலை. ரெண்டு நாள் சாப்பிட முடியலை. என் பொண்டாட்டி கேட்டா, உனக்கென்ன, நீ சும்மா குடுத்ததை அவங்க உபயோகப்படுத்தினாங்கன்னு. அதுவும் நியாயம்தான். எங்க உரிமப் பத்திரத்துலயே எழுதியிருக்கும், இதனால எது நடந்தாலும் எழுதினவன் பொறுப்பில்லைன்னு. இருந்தாலும் போகணும்னு தோணிச்சு. போகாம இருக்க முடியலை.

அதான் இன்னைக்குக் காலையில வந்து இறங்கினேன். சங்க ஆபீஸ்ல ஜெனோவா இல்லை. கொஞ்ச நாள் வீட்ல இரும்மான்னு சொல்லிட்டாங்களாம். ஊர்ல அவளைத்தான் சொல்றாங்க. புள்ள கம்ப்யூட்டர்ல என்னமோ தப்பாப் பண்ணிட்டா, அண்ணன் காலை வாங்கிட்டான்னு. படகுல போனவங்க வீட்டுப் பொம்பளைங்க அவகூட பேசறதில்லையாம். அதைவிட, ரூபனே பேசறதில்லை. ஒரே வீடு. அவ கையாலதான் கட்டுப் பிரிக்கிறா, மருந்து வைக்கிறா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசலையாம்.

இதையெல்லாம் அவ என்கிட்ட அழுது சொல்லலை. வீட்டு வாசல்ல நின்னு மெயில் எழுதற மாதிரியே ரெண்டு ரெண்டு வரியாச் சொன்னா. முப்பது வயசுகூட இருக்காது. என்னைத் திட்டுவான்னு நினைச்சுத்தான் போனேன். திட்டலை. உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணுதான் கேட்டா.

"சார், அண்ணன்கிட்ட நடந்ததை நீங்க சொல்லுங்க. நான் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்ற மாதிரி இருக்கும்."

சொல்றேம்மான்னு சொன்னேன். சொன்னேன் அண்ணாச்சி, முழுசாச் சொன்னேன். ரூபன் கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தான். நல்ல உயரம். பக்கத்துல ஊணுகோல். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, ஒரு பேப்பர் வாங்கி, படம் போட்டு விளக்கினேன். விண்டோஸ் எப்படி, லினக்ஸ் எப்படி, ரெண்டு குறி எங்க வருது, எண்ணு எப்படி விழுது. அரை மணி நேரம். அவனும் கவனமாக் கேட்டான். படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். ஜெனோவா கதவோரமா நின்னுக்கிட்டிருந்தா.

எல்லாம் கேட்டுட்டு ரூபன் என்கிட்ட, "அப்ப இது தானா நடந்ததா, ஆள் பண்ணதா?"ன்னு கேட்டான்.

நான் சரியாத்தான் பதில் சொன்னேன். இதுல ஒருத்தரை மட்டும் சொல்ல முடியாது தம்பி, சிஸ்டத்துக்குச் சிஸ்டம் வித்தியாசம் இருக்கு, பழைய விண்டோஸ் பொட்டலத்துல இருந்த மூணு வரி எடுக்கப்பட்டதுதான் காரணம், இப்ப அது திரும்பச் சேக்கப்பட்டாச்சு, இனிமே வராதுன்னு. அவன் தலையை ஆட்டினான். ஜெனோவாவை ஒரு தடவை பாத்தான். அவ குனிஞ்சுக்கிட்டா. பாவம், அண்ணன் காலை நினைச்சிருப்பா. அப்புறம் லேப்டாப்பை எடுத்துக் குடுத்தேன். அவன் தொடலை. அங்க வைங்க சார்னு கண்ணாலயே மேசையைக் காட்டினான்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் ஜெனோவா கூட வந்தா. பஸ் வரும்போதுதான், பேரை எடுத்துருங்கன்னு சொன்னா. திக்கோட பக்கத்துல, பழைய விண்டோஸ் பொட்டலத்தைப் பாத்துக்கறவர்னு அவ பேரு இருக்கு, அதை. நான் எடுக்கப் போறதில்லை, இன்னும் மேல, என் பேருக்கு அடுத்ததாப் போடலாம்னு இருக்கேன்னு சொல்றேன், அவ காதுல வாங்கலை. அதான் எனக்குப் புரியலை. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க.

என்ன கேட்டீங்க அண்ணாச்சி?

யார் எடுத்தாங்கன்னு சொன்னேனான்னா? அதான் சொன்னேனே, மூணு வரி எடுக்கப்பட்டதுன்னு. பழைய விண்டோஸ் பொட்டலத்துல இருந்து. அதுல யார் எடுத்தாங்கன்னு அவன் கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

ஆமா, அந்தப் பொட்டலத்தைப் பாத்துக்கறது ஜெனோவான்னு ஊருக்கே தெரியும். ரூபனுக்கும் தெரியும்தான்.

தெரியும்.

அவன் அவளைப் பாத்தான். நான் அப்படிச் சொன்ன உடனே அவளைத்தான் பாத்தான். நான் வேற எதுக்கோன்னு நினைச்சேன். அவ குனிஞ்சதும் அதுக்குத்தானா? நானே வந்து, நாற்காலி போட்டு உக்காந்து, படம் வரைஞ்சு, ஜெனோவாதான் பண்ணினான்னு சொல்லிட்டு வந்திருக்கேனா? அவ கதவுகிட்டதானே நின்னா, நான் எடுக்கலையேன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. இல்லை. அவ சொல்ல மாட்டா. தப்பிக்கச் சொல்ற மாதிரி இருக்கும்னு அவதான் முதல்லயே சொல்லிட்டாளே.

இது எந்த ஊரு? புதூரா? விளாத்திகுளம் எப்பத் தாண்டுச்சு?

கண்டக்டர், இங்க நிறுத்துங்க. இல்லை, மதுரைக்கு டிக்கெட் எடுத்தாச்சு, பரவாயில்லை, நான் இங்கயே இறங்கிக்கறேன். அண்ணாச்சி, உங்க காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்குங்க. அந்தப் பக்கம் போற பஸ் இனிமே எப்ப வரும், உங்களுக்குத் தெரியுமா? வராட்டி ஏதாவது லாரியை மறிச்சுப் போயிக்கறேன். போன்ல சொல்ற விசயம் இல்லை இது. அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். அவ அங்க நிக்கும்போது சொல்லணும். சங்கத்து ஆளுங்களையும் கூப்பிட்டு வச்சுச் சொல்லணும்.

நான்தான் எடுத்தேன். அவ எடுக்க வேண்டாம்னு எழுதி வச்சிருந்தா, நான் எடுத்தேன். மூணு தடவை கேட்டா, நான் திருப்பிப் போடலை.

உங்ககிட்டச் சொல்றதுக்கே எனக்கு இத்தனை நேரம் ஆச்சு பாருங்க. அங்க போய் எப்படி வரப்போகுதோ, தெரியலை. நீங்க பாத்துப் போங்க அண்ணாச்சி.